விலை முடிந்த மூட்டை

நானும் என் கணவரும் போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கிறோம். போன மாதம் அவருக்கு நெஞ்சுவலி வர, மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அடைபட்ட இதய ரத்தக்குழாயில் அதை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழலை வைத்துவிட்டு வெளியே வந்த டாக்டர், "நல்லபடியா வச்சாச்சும்மா. குழாய்க்குள்ள சின்னக் கருவி ஒண்ண விட்டுப் பார்த்துக்கிறோம், கையெழுத்துப் போடுங்க" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் தொழிலில் விலை முடிந்த மூட்டையைத் திரும்பப் பிரித்தால், சரக்கில் சந்தேகம் என்று அர்த்தம்.

"எதையோ மறைக்கிறீக. நான் போடமாட்டேன்" என்றேன்.

"எக்ஸ்ரே படத்துல ரத்தம் ஓடுறதுதான் தெரியும். ஸ்டென்ட் சுவரோட ஒட்டியிருக்கான்னு உள்ள பார்த்தாத்தாம்மா தெரியும்."

அரைகுறையாகப் புரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். உள்ளே பார்த்தபோது ஸ்டென்ட் ஒரு பக்கம் சரியாக விரியாமல் இருந்ததாம். பலூன் வைத்து விரித்துவிட்டார்கள். அப்படியானால் முதலில் நல்லபடியாக வைத்தார்களா, இல்லையா? எனக்கு இன்னும் தெளியவில்லை.

இப்போது விலை முடிந்த மூட்டையை யாராவது மறுபடி பார்க்கக் கேட்டால் நான் முகம் சுளிப்பதில்லை. நானே தையலைப் பிரித்துக் காட்டுகிறேன்.

"என்ன, நீயே பிரிக்கிற?" என்று கல்லாவிலிருந்து அவர் கேட்கிறார். கேட்பதற்கு அவர் இருக்கிறார்.