குவாங் வீட்டு ராஜா

குவாங் தேஷூன் வாளியைக் கலக்கத் தொடங்கிவிட்டால் எங்கள் சந்தில் யாரும் வாசலில் உட்கார்ந்து சூப் குடிக்க முடியாது. ஊறிப் புளித்த எள்ளுப் பிண்ணாக்குத் தண்ணீர். அதைக் கரண்டி கரண்டியாகத் தன் செடிக்கு ஊற்றிக்கொண்டே, போகிற வருகிறவர்களின் தோட்டங்களைத் திட்டுவார். "உங்க வீட்டுல பூத்திருக்கே, அதெல்லாம் ஒரு பூவாய்யா? கல்யாண வீட்டுக் காகிதம்!"

டிராக்டர் ஆலையில் கிடங்கு மேற்பார்வை பார்த்து ஓய்வுபெற்றவர். அங்கே போல்ட் கேட்டு வந்தவர்களை நிற்கவைத்த பழக்கம் இன்னும் விடவில்லை. பூப் பார்க்க வந்தாலும் நின்றுதான் பார்க்கவேண்டும்.

எங்கள் லோயாங் நகரில் பியோனிப் பூச்செடி இல்லாத முற்றம் இல்லை; அதில் இரண்டு வகை. மரக்கிளையில் பூக்கும் முதான்தான் எங்களுக்குப் பூக்களின் ராஜா. பனிக்காலத்தில் மண்ணோடு மடிந்து, வசந்தத்தில் மறுபடி தளிர்க்கும் ஷாவ்யாவ் வெறும் மந்திரி. குவாங்கின் மனைவி மியாவ் ஜின் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்தது மந்திரிதான். ரோஜா நிறம், நல்ல மணம். "ராஜா வர்ற இடத்துல மந்திரிக்கு என்ன வேலை?" என்று இவர் அதைத் தோண்டிக் குப்பை வண்டியில் போட்டார். எனக்கு இன்றுவரை ஆத்திரம் அடங்கவில்லை.

அந்த இடத்துக்கு வந்தது மஞ்சள் முதான், ஒட்டுக்கன்று. மேலே முதான் தண்டு, கீழே ஷாவ்யாவ் கிழங்கு. விற்கிறவர்கள் அப்படித்தான் ஒட்டுகிறார்கள். ஒட்டு மண்ணுக்குள் ஆழமாகப் போனால்தான் முதான் சொந்த வேர் விடும். குவாங்குக்கும் இது தெரியும். ஆனால் ஆழமாக நட்டால் எதிர்வீட்டுச் செடியைவிடக் குட்டையாகத் தெரியுமே! மேடு கட்டி, ஒட்டு வெளியே தெரிய, உயரத்தில் நட்டார்.

"ஏங்க, அடியிலேர்ந்து வர்ற தளிரைக் கிள்ளிடுங்க. அது கிழங்கோட தளிரு," என்றார் மியாவ் ஜின்.

"உனக்கென்ன தெரியும்? ராஜாவுக்குப் பிள்ளைங்க பொறக்குது. இளவரசனைக் கிள்ளச் சொல்றியா?"

வருடா வருடம் இளவரசர்கள் பிண்ணாக்குத் தண்ணீர் குடித்துக் கொழுத்தார்கள். ராஜா அவர்கள் நடுவே காய்ந்துபோனார். குவாங்குக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. "இந்த ஏப்ரல்ல மஞ்சள் பூக்கலைன்னா என் பேரு குவாங் இல்ல!" என்று சந்து முழுக்க அறிவித்து, எல்லோரையும் தேநீருக்கு அழைத்தார். போனோம். தேநீர் இருந்தது, பூ இல்லை.

"ராஜான்னா லேட்டாத்தான் வருவாரு," என்றார்.

மே மாதம், ஊரில் முதான்கள் எல்லாம் உதிர்ந்த பிறகு, அவர் மேடு பூத்தது. ரோஜா நிறம், நல்ல மணம், சாட்சாத் மந்திரி. சந்தே திரண்டு போய் நின்றது.

"குவாங் அண்ணே, ராஜா வேஷம் மாத்திட்டாரா?" என்றேன்.

"மஞ்சள்தான். வெயில்ல சிவந்துபோச்சு."

"அது கெடக்கட்டும், இனிமே உங்களை என்ன பேரு சொல்லிக் கூப்பிடறது?" என்றார் எதிர்வீட்டு ஹாவ்.

மியாவ் ஜின் மட்டும் குனிந்து ஒரு பூவை முகர்ந்தார். "எங்கம்மா வீட்டு வாசனை," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

குவாங் இன்றும் அசரவில்லை. மஞ்சள் முதான்தான் என்று சாதிக்கிறார். ஆனால் உறைபனி விழுந்ததும் மந்திரி வழக்கப்படி மடிந்துவிட்டார். முதானாக இருந்தால் மொட்டைக் கிளையாவது நிற்கும்; குளிருக்கு அதில் வைக்கோல் சுற்றுவோம். வெற்று மேடு போகிறவர் வருகிறவருக்கெல்லாம் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

நேற்றுக் காலை சன்னலைத் திறந்தேன். மாதுளை மரத்தில் ஒடித்த காய்ந்த குச்சிகளைக் குவாங் மேட்டில் குத்தி நிறுத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் வைக்கோல் சுற்றிக் கயிறு கட்டினார். சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு வாளியை இழுத்து, குச்சிகளுக்கு ஒரு கரண்டி பிண்ணாக்குத் தண்ணீர் ஊற்றினார்.