சாலேல் என்றால் வா என்று அர்த்தம்

புனேவுக்கு நான் போனது ஊர் சுற்ற அல்ல. அத்தான் இறந்து இரண்டு வருடம் கழித்து, போன நவம்பரில், அக்காவைப் பார்க்கப் போனேன். ஏன் இரண்டு வருடம் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே.

காரியம் முடிந்து நான் சென்னை திரும்பிய இரண்டாம் வாரம் போனில் கேட்டேன். "அக்கா, லீவு போட்டுட்டு வந்து பத்து நாள் கூட இருக்கட்டுமா?"

"சாலேல் தம்பி" என்றாள்.

அக்கா புனேவில் இருபத்தாறு வருடமாக இருக்கிறாள். பேச்சில் பாதி மராட்டி. எனக்கோ ஒரு வார்த்தை தெரியாது. எங்கள் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்கள் போதும் என்பதற்கு 'சாலு' என்பார்கள். அதுபோலத்தான் இதுவும், வர வேண்டாம் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், எனக்கு வசதியாகவும் இருந்தது. பிறகு கேட்கவே இல்லை.

சென்னையில் மதியம் ஒன்றேகாலுக்கு ரயில். மூன்றடுக்கு ஏசி 1,460 ரூபாய். காலை எட்டரைக்குச் சேர வேண்டியது, ஒன்பது பத்துக்குச் சேர்ந்தது. வழியில் வாங்கிய வடாபாவ் இருபது ரூபாய். சூடு இருந்தது, வேறொன்றும் இல்லை.

ஸ்டேஷனிலிருந்து ஏரவாடா வழியாக விஷ்ராந்த்வாடி ஏழு கிலோமீட்டர். ஆட்டோ மீட்டரில் 150 ரூபாய். குடியிருப்பின் கேட்டருகே வண்டி நின்றது. உள்ளே கடைசிக் கட்டடம் வரை வர முடியுமா என்று ஓட்டை இந்தியில் கேட்டேன். "சாலேல்" என்றார் டிரைவர். முடியாது போலும் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

அவர் சிரித்தார். "பைட்டோ சாப். சாலேல் மத்லப், சலேகா."

அந்த இந்தி எனக்குப் புரிந்தது. சரி, வருகிறேன் என்கிறார். மறுபடி ஏறி உட்கார்ந்தேன். அக்கா போனில் சொன்னதும் இதே வார்த்தைதான்.

அக்கா ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டிருந்தாள். அத்தானுடைய வண்டி. அதை ஓட்டக் கற்றுக்கொண்டு, ஒரு பள்ளி ஆபீசில் வேலைக்கும் போகிறாள். 'எங்க அக்கா இரும்பு மாதிரி, யார் துணையும் வேண்டாம்னுட்டா' என்று சொந்தக்காரர்களிடம் பெருமையடித்தவன் நான்.

சாப்பிடும்போது கேட்டேன். "அன்னிக்கு போன்ல சாலேல்னியே. வான்னா சொன்ன?"

"பின்ன என்னன்னுல நெனச்ச?" என்றாள். "அந்த ரூம்ல பெட்ஷீட் மாத்திப் போட்டு வச்சிருந்தேன். ரிக்ஷா சத்தம் கேட்டா நீதான்னு பால்கனிக்கு ஓடுவேன். ஒரு மாசம் அப்படி இருந்துச்சு. அப்புறம் பழகிட்டு."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள். நான் மெச்சிக்கொண்ட தைரியம் யாரும் வராததால் அவளுக்கு வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

போகிறவர்களுக்கு: நவம்பரில் விடியற்காலை குளிர் உண்டு, ஸ்வெட்டர் அவசியம். ஆட்டோவில் மீட்டர் போடச் சொல்லுங்கள். துக்க வீட்டுக்குப் போவதென்றால் வரட்டுமா என்று கேட்காதீர்கள். டிக்கெட் எடுத்துவிட்டு, ரயில் எத்தனை மணிக்கு வரும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நான்காம் நாள் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டேன். "பொங்கலுக்கு வரட்டுமாக்கா?"

என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, நல்ல தமிழில் சொன்னாள்.

"பரவாயில்ல தம்பி."