ஒரு 'டபிள்யூ' துடைத்த ஊர்

போன ஞாயிறு, ஒட்டுசுட்டானில் என் மனைவியின் தங்கை துளசி வீட்டில் நிற்கிறேன். அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம்.

"ஐயோ அத்தான், ஃபைல் வெறுமையாக் கிடக்கு!"

துளசி நெல் விதைக்கிறவள். சனிக்கிழமைகளில் கிளிநொச்சிக்குப் போய் சி புரோகிராமிங் படிக்கிறாள். எதற்கு? யானைக்காக! காட்டோரத்தில் யானையைக் கண்டவர் அவளுக்குப் போன் எடுப்பார். அவளுடைய கம்ப்யூட்டர் ஊர் முழுவதற்கும் மெசேஜ் அனுப்பும். எல்லோருடைய நம்பரும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில்.

ஒருவர் நம்பரை மாற்றியிருந்தார். அதைத் திருத்த ஒரு புரோகிராம் எழுதினாள். ஃபைலைத் திறக்கும் வரியில், வாசிப்பதற்கான 'ஆர்' வர வேண்டிய இடத்தில் எழுதுவதற்கான 'டபிள்யூ'. அதுவோ, எழுதுவதற்கு முன் உள்ளே இருப்பதை முழுக்கத் துடைத்துவிடும். "நிச்சயமா?" என்று ஒரு வார்த்தை கேட்காது!

"அந்த ஃபைலுக்கு இன்னொரு கொப்பி எடுத்து வைக்கேல்லையே?"

"இல்லை அத்தான்."

அழப்போகிறாள் என்று நினைத்தேன். ஹெல்மெட்டை எடுத்தாள்.

"பொழுதுபட்டு யானை வர முதல் வீடு வீடாப் போய்க் கேப்பம். மோட்டார் சைக்கிளை எடுங்கோ."

பலர் சிரித்தபடி நம்பரைத் தந்தார்கள். சரோஜா அக்கா மட்டும் சீறினார். போன மாதம் அவர் சமைக்கும் குசினிச் சுவரை யானை இடித்திருந்தது.

"உன்ர மெசேஜ் வந்தபடியாத்தான் பிள்ளையளோட ஓடித் தப்பினனான். இண்டைக்கு யானை வந்திருந்தா?"

"பிழை என்ரதுதான் அக்கா. நம்பரைச் சொல்லுங்கோ."

திரும்பி வந்து எல்லாவற்றையும் டைப் பண்ணி, ஒரு கொப்பியும் எடுத்து வைத்தாள்.

"இனியாவது கையாலயே திருத்தும், துளசி" என்றேன்.

"இல்லை அத்தான். பக்கத்து ஊருகளும் சேரப்போகுது. கையால ஏலாது."

மறுபடியும் அதே புரோகிராம். இந்த முறை பழைய ஃபைலை வாசிக்க மட்டும் திறந்தாள். ஒவ்வொரு வரியாக வாசித்து, மாற வேண்டியதை மாற்றி, எல்லாவற்றையும் வேறொரு புதிய ஃபைலில் எழுத வைத்தாள். அது முழுதாக எழுதி முடிந்த பிறகுதான் பழையதன் பெயர் அதற்குப் போகும். சோதிப்பதற்காக ஒரு நம்பரைப் பிழையாக டைப் பண்ணி வைத்து, அதைத் திருத்த ஓடவிட்டாள்... ஃபைலைத் திறந்து பார்த்தோம். ஒரே ஒரு நம்பர் மாறியிருந்தது. மற்றதெல்லாம் அப்படியே!

செவ்வாய்க்கிழமை துளசி போன் எடுத்தாள். முந்தின நாள் பின்னேரம் குளக்கட்டில் யானை. மெசேஜ் போய், ஊர்ப்பக்கம் வெடி கொளுத்தி, அதைக் காட்டுக்கே திருப்பிவிட்டார்களாம்.

"சரோஜா அக்கா என்ன சொன்னவா?"

"தன்ர தங்கச்சியின்ர நம்பரையும் சேர்க்கட்டாம்!"

பிழை விட்டவர்கள் ஒளித்துக்கொண்டால் யானைக்குத்தான் கொண்டாட்டம்.