டயானாவின் மணிக்கட்டு

திரேஸ்புரத்து டயானாவுக்கு வலது கையில் கட்டைவிரல் கிடையாது. இருபத்தாறு வயதில், இறால் கம்பெனியில் பெட்டிக்குப் பட்டை கட்டும் இயந்திரத்தில் போய்விட்டது. எழுதவும் சோறு பிசையவும் நாலைந்து மாதத்தில் பழகிக்கொண்டாள். மனசு ஆறாதது வீடியோ கேம் விஷயத்தில்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் அவளை ஜெயிக்க அந்தத் தெருவில் ஆள் இல்லை. இப்போது பொத்தானும் குச்சியும் வைத்த கேம் பேடைப் பிடித்தால், குறி பார்க்க வலது பக்கக் குச்சியைத் திருப்ப விரல் இல்லை.

ஒருநாள் செட்டிங்ஸைத் துழாவும்போது, பேடையே சாய்த்துக் குறி பார்க்கும் வசதி கண்ணில் பட்டது. சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று பெரிய ஆட்டக்காரர்கள் தொடாத ஒன்று. முதல் வாரம் திரை ஆடிய ஆட்டத்தில் அவளுக்கு வாந்தியே வந்தது. வேகத்தைக் குறைத்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, மணிக்கட்டை மட்டும் அசைக்கப் பழகினாள். கை அதிகம் திரும்பிவிட்டால் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துக் குறியை நிறுத்திவிட்டு, பேடை நேராக்கிக்கொள்ள வேண்டும். அது பிடிபடவே இரண்டு மாதம். இறால் கம்பெனியை விட்டபின் சேர்ந்த ஷிப்பிங் ஆபீஸ் வேலை முடிந்து தினமும் உட்கார்ந்தாள்.

பழக ஆரம்பித்த எட்டாவது மாதம், மில்லர்புரத்தில் அற்புதமணி அண்ணாச்சி தன் கேம் சென்டரில் போட்டி வைத்தார். முப்பத்திரண்டு பேரில் டயானா இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டாள். எதிரே ஜெனோ, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், இரண்டு வருஷமாகக் கோப்பையை விடாதவன்.

முந்தின ஆட்டங்களில் அவளைக் கவனிக்காதவன், அவள் பேடைச் சாய்ப்பதை இப்போது பார்த்ததும் மறித்தான். “நான் ரெண்டு லீவர்ல நாப்பது டன் பெட்டிய நூல் பிடிச்ச மாதிரி எறக்குதேன். வித்தைன்னா அது. இப்படி ஆட்டுததுக்கு மெஷின் தானா உதவி செய்யும், அண்ணாச்சி. இது செல்லாது.”

கூட்டம் டயானாவைப் பார்த்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

“மெஷின் ஒரு உதவியும் செய்யல ஜெனோ அண்ணே. உங்க பேட்லயும் இதே வசதி இருக்கு. உங்க கட்டைவிரல் செய்யுதத என் மணிக்கட்டு செய்யுது, அவ்வளவுதான்.”

அற்புதமணி இரண்டு பேடையும் வாங்கிப் பார்த்தார். ஒரே வகை, வெளியிலிருந்து சேர்த்தது எதுவும் இல்லை. ஆடட்டும் என்றார்.

ஐந்து சுற்று. நான்கு முடிந்தபோது ஆளுக்கு இரண்டு. மீன் ஏலம் முடித்து அப்போதுதான் வந்த டயானாவின் அம்மா ஞானசௌந்தரி, திரையில் எது தன் மகள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

கடைசிச் சுற்றில் ஜெனோ மாடிச் சுவருக்குப் பின்னால் பதுங்கி, தலையை மட்டும் நீட்டினான். இருவரும் ஒரே நேரத்தில் குறி திருப்பினார்கள். அவன் குறி வேகமாகத் திரும்பி, ஒரு மயிரிழை தாண்டிப்போய், திரும்பி வந்தது. அதற்குள் டயானாவின் மணிக்கட்டு அரிசியளவு சாய்ந்து நின்றுவிட்டது. சுட்டாள்; திரையில் ஜெனோவின் ஆள் விழுந்தான்.

ஜெனோ அவள் பேடை வாங்கி ஒரு சுற்று ஆடிப் பார்த்தான். சுவரையும் வானத்தையும்தான் சுட்டான். பேடைத் திருப்பிக் கொடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: “செல்லாதுன்னு சொன்னது என் தப்புளா. இதுவும் வித்தைதான்.”

கோப்பையை வாங்க அவள் வலது கையையே நீட்டினாள். பொது இடத்தில் அந்தக் கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்தே பழகியவள், அன்று பஸ்ஸில் வீடு வரைக்கும் கோப்பையை அதே கையில்தான் பிடித்து வந்தாள்.