திருஷ்டிப் பொட்டோடு பேரணிக்குப் போன கன்றுக்குட்டி

கன்றுக்குட்டியைக் குளிப்பாட்டும் வேலையில் முதலில் நனைவது கன்றுக்குட்டி அல்ல. தெருவில் போகிற மாட்டை ஜன்னல் வழியாக மட்டும் பார்த்து வளர்ந்து, மாடு இருக்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்ட சகோதரிகளுக்கு இது நான் சொல்லாமலே தெரியும்.

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுப் பசுவையும், ஐந்து மாதக் கன்று சுட்டியையும் பார்த்துக்கொண்டது என் மாமியார். அவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது கைக்கு மாவுக்கட்டுப் போட்டதும், கயிறு என் கைக்கு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நடக்கவிருந்த கன்றுப் பேரணிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. டாக்டர்கள் வந்து பார்த்து, நன்றாக வளர்த்த கன்றுக்குப் பரிசு கொடுப்பார்கள். அத்தை ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "கன்னைக் குளிப்பாட்டிக் கொண்டுபோய் அங்க ஒழுங்கா நிப்பாட்டிட்டீன்னா மாடு இங்க இருக்கட்டும். இல்லைன்னா மம்சாபுரத்துல என் தங்கச்சி வீட்டுல கொண்டு கட்டிருவேன்."

அந்தப் பசுவின் பாலைத்தான் என் பத்து மாத மகள் குடித்துக்கொண்டிருந்தாள். நானோ கான்வென்ட்டில் பசுவைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவள். அதற்கு நான்கு கால்கள் உண்டு என்று எழுதினேன். அவை உதைக்கும் என்று எழுதவில்லை.

மூன்று வாளி

முதல் நாள் எட்ட நின்றுகொண்டு சொம்பால் தண்ணீரை வீசினேன். சுட்டி துள்ளியது. துவைக்கிற கல்லை இரண்டு சுற்றுச் சுற்றியது. கயிறு என் காலில் சிக்க, நான் சாக்கடை ஓரம் உட்கார்ந்தேன். மூன்று வாளி காலி. சுட்டியின் முதுகில் ஒரு துளி ஈரம் இல்லை.

மதில் மேல் பக்கத்து வீட்டு வெங்கட்டம்மாக்காவின் தலை தெரிந்தது. "ஏம்மா, நீ குளிச்சது போதும். கன்னுக்கும் செத்த ஊத்து!"

சாம்பிராணி

எனக்குக் குளிப்பாட்டத் தெரிந்தது ஒரே ஆளை. சரி, அந்த மாதிரியே செய்வோம் என்று வெந்நீர் வைத்தேன். மகளின் சோப்பைப் போட்டேன். துவட்டி, பவுடர் பூசி, சாம்பிராணிப் புகையும் காட்டினேன். சுட்டி மணத்தது.

சாயங்காலம் பால் குடிக்க விட்டால், பசு ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு ஒரே உதை. மறுபடி விட்டேன், மறுபடி உதை. கன்று மடியில் வாய் வைக்காமல் அது பால் இறக்காது. உள்ளே மகள் அழ, வெளியே கன்று கத்த, நடுவில் நானும் அழுதேன். வெங்கட்டம்மாக்கா உப்புத் தண்ணீர் கொண்டுவந்து கன்றின் முதுகில் தடவிவிட்டார். உப்புக்கு ஆசைப்பட்டு நக்கி நக்கி, பவுடர் போனபிறகுதான் பசுவுக்குத் தன் பிள்ளை கிடைத்தது.

அத்தை மாவுக்கட்டை மடியில் வைத்தபடி சொன்னார்: "ஏட்டி, பெத்தவளுக்கே அடையாளம் தெரியாம புள்ளையக் குளிப்பாட்டுற ஆளை இப்பத்தான் பாக்கேன்."

உண்ணி

காது மடலில் உண்ணி எடுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைப் பிடுங்கினேன். இரண்டாவதுக்கு ஒரு கண்ணைத் திறந்தேன். நாலாவதுக்குச் சுட்டி தலையை என் மடியில் சாய்த்துவிட்டது. அந்தக் கனம் எனக்குப் பழகிய கனமாக இருந்தது. அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

மில்லில் ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றார். "உன் முந்தானை பாதி அது வாயில இருக்கு. தெரிஞ்சுதான் குடுத்தியா?"

படர்தாமரை

பேரணியன்று காலை சுட்டி அத்தனை அழகாக இருந்தது. ஊர் கண் படுமே என்று பயந்து, நெற்றி வெள்ளையில் மகளின் மையைத் தொட்டுப் பெரிதாக ஒரு பொட்டு வைத்துவிட்டேன். மகளை வெங்கட்டம்மாக்காவிடம் விட்டுவிட்டு, நானும் அத்தையும் தெருக் கன்றுகளோடு மினி லாரியில் போனோம். மைதானத்து வெயிலில் மை உருகி முடியோடு அப்பிக்கொண்டது. டாக்டர் குனிந்து பார்த்தார். "படர்தாமரை மாதிரி இருக்கே. ஓரமா நிப்பாட்டுங்க." ஓரத்தில் சீக்குக் கன்றுகள் நின்றன. அத்தை வேறு பக்கம் பார்த்தார். எனக்கு மம்சாபுரம் கண்ணில் தெரிந்தது.

யோசிக்கவில்லை. முந்தானை நுனியை எச்சில் தொட்டு, சுட்டியின் முகவாயைப் பிடித்து அழுத்தித் துடைத்தேன். அது கண்ணை மூடிக்கொண்டு நின்றது. வெள்ளை திரும்பி வந்தது. "சீக்கு இல்லை சார், திருஷ்டிப் பொட்டு" என்றேன். எனக்கே கேட்கிற அளவுக்குச் சத்தமாக.

டாக்டர் நான் நீட்டிய முந்தானை நுனியை மோந்தார். விளக்கெண்ணெயில் குழைத்த மையின் வாசனை. "யார் கண்ணும் படக் கூடாதுன்னு பொட்டு வச்சுக் கூட்டிட்டு வந்தா, நான் எப்படிம்மா பார்த்து மார்க் போடுறது?"

திரும்பும்போது

பரிசு இல்லை. எல்லோருக்கும் கொடுத்த குடற்பூச்சி மருந்துதான். லாரியில் சுட்டியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினேன். வீட்டு வாசலில் இறங்கும்போது அத்தை சொன்னார்: "எதுக்கு அழுத? பரிசா கேட்டேன்? நிப்பாட்டச் சொன்னேன், நின்னுச்சு. போ, போய் நீயே பாலப் பீச்சு. என் கை இன்னும் தேறல."

மாவுக்கட்டை அவிழ்த்து மூன்று வருஷமாகிறது. மகள் தூங்கியபிறகு உட்கார்ந்து இதை எழுதுகிற இன்றுவரை, அத்தையின் கை மட்டும் இன்னும் தேறவில்லை.