பாதிப் பெயின்ட் பிக்கப்பும் குடப்பனக்குன்று ஏற்றமும்

குடப்பனக்குன்று ஏற்றத்தில் பாதி வழியில் வண்டி நின்றது. பின்னால் பத்து மூட்டைப் புளி. முன்சீட்டில் மூன்று பேர். ஸ்டீயரிங்கில் டிரைவர் ஞானமுத்து, நடுவில் நான், ஓரத்தில் வண்டியை வாங்க வந்திருந்த ஆரியசாலைப் புளி வியாபாரி தங்கையா அண்ணாச்சி. ஆறு மாதம் நான் கையொடிய வேலை பார்த்த வண்டி அது. அன்றைக்கு விற்காவிட்டால் திங்கட்கிழமை வெட்டுப்பட்டுப் பழைய இரும்புக்குப் போய்விடும்.

மெக்கானிக் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ளவும்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்?

1. முன்னால் மாப்பிள்ளை

எழுபதுகளின் நடுவில் கரமனையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நான் ஹெட் மெக்கானிக். ஷெட்டுக்குப் பின்னால் ஒரு பழைய வெளிநாட்டு பிக்கப் கிடந்தது. டிரைவர் கதவு வரைக்கும் அது கார்தான். வளைந்த பானெட், உருண்டை ஹெட்லைட், சாய்ந்துகொள்ளும் நீளச் சீட்டு. அதற்குப் பின்னால் சாமான் ஏற்றும் திறந்த பாடி. பெட்ரோல் விலை ஏறியதும், அதன் ஆறு சிலிண்டர் என்ஜினுக்குத் தீனி போட்டுக் கட்டுப்படியாகாமல் எஸ்டேட்காரர் ஒருவர் எங்கள் முதலாளி பாஸ்கரனிடம் தள்ளிவிட்டுப் போயிருந்தார்.

அடிபட்ட வேன் ஒன்றின் நாலு சிலிண்டர் டீசல் என்ஜின் ஷெட்டில் சும்மா இருந்தது. அதை இதற்குள் இறக்கலாம் என்று நான் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். நான் விடவில்லை. மவுண்டிங் புதிதாக வெல்ட் செய்தேன். கியர்பாக்ஸோடு சேர நடுவில் ஒரு பிளேட் கடைந்தேன். டீசல் என்ஜின் கனம் என்பதால் முன் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டினேன். ஆறு வோல்ட் வயரிங்கைப் பிடுங்கிப் பன்னிரண்டு வோல்ட் போட்டேன். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடையாய் நடந்து ஆர்.சி. புத்தகத்தில் என்ஜின் மாற்றத்தையும் ஏற்றினேன். பிறகு முன்பாதிக்குக் கரும்பச்சைப் பெயின்ட். அடித்து முடித்தபோது முதலாளியின் பொறுமை தீர்ந்துவிட்டது. பின்பாதி செங்காவி பிரைமரோடு நின்றது.

"எடோ, இது கல்யாணத்துக்குப் போகணுமா, சந்தைக்குப் போகணுமா?" என்றார் முதலாளி. மலையாளி, எங்களோடு பேசிப் பேசி அவருக்கென்று ஒரு தமிழ் இருந்தது. "முன்னால பாத்தா மாப்பிள்ளை, பின்னால பாத்தா சுமட்டுக்காரன். இதை யாரு வாங்கும்? திங்களாழ்ச்ச ஆக்ரிக்காரன் வரும். வெட்டி இரும்பு விலைக்குக் கொடுத்திடு."

"சனிக்கிழமை வரைக்கும் டைம் தாங்க முதலாளி. ஆள் கொண்டுவாறேன்."

ஆள் வருமுன் பின்பாதிக்கும் ஏதாவது மட்டமான பெயின்டை இழுத்துவிடச் சொன்னார் எங்கள் பெயின்டர். எங்கள் தொழிலில் அது சாதாரணம். நான் மாட்டேன் என்றேன். துரு எங்கே வெட்டினோம், தகடு எங்கே ஒட்டினோம் என்று பிரைமரில் பார்த்தால் தெரியும். வாங்குகிறவன் பார்த்தே வாங்கட்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

2. பத்து மூட்டைப் புளி

தங்கையா அண்ணாச்சி நாகர்கோவில் பக்கத்துக்காரர். வண்டியை இரண்டு சுற்று சுற்றிவந்தார். பின்பாடியைத் தட்டிப் பார்த்தார். என்ஜினை ஓட்டிக்காட்டி டீசல் மாற்றிய கதையையெல்லாம் சொன்னேன்.

"எல்லாம் செரிடே. நாரோயிலுக்குச் சரக்கோட போற வழியில நின்னுபோச்சுன்னா எவன் பாப்பான்? உடம்பு ஒண்ணு, உசிரு ஒண்ணுன்னுல்லா வச்சிருக்க?"

"யார் வேணா பாக்கலாம் அண்ணாச்சி. ரெண்டு ஸ்பேனர் போதும்."

"வாயால சொல்லாத. எங்க மூட்டைய ஏத்தி எங்க ஞானமுத்து ஓட்டணும். அவன் செரின்னா எனக்குச் செரி."

ஆரியசாலை வியாபாரிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. சோதனை ஓட்டத்துக்கான எண்ணெயை, வண்டியை வாங்குகிறவர்தான் போடுவார். விற்கிறவன் எண்ணெயில் ஓட்டிப் பார்த்தால் கைராசி இருக்காதாம். அதன்படி ஏற்றத்துக்குக் கீழே பேரூர்க்கடையில் ஒரு பம்பில் வண்டியை நிறுத்தினோம். அண்ணாச்சி என்னை எதிரே டீக்கடைக்கு இழுத்துப் போனார். ஞானமுத்து அண்ணன் பம்புக்காரனிடம் "பத்து லிட்டர்" என்று சொல்லிவிட்டு டயரில் காற்றுப் பார்க்கப் போனார்.

அண்ணாச்சியிடம் முப்பது வருஷமாகப் பெட்ரோல் வண்டிகளை ஓட்டியவர் அவர். டீசல் என்று அவருக்குத் தெரியும், சத்தமே சொல்லும். ஆனால் வாய்ப்பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே! பம்புக்காரன் பார்த்ததோ கார் முகத்தை. காருக்கு டீசல் ஊற்றுவது அந்த நாளில் அவன் கனவிலும் வராது.

அரை மைல் ஏறியிருப்போம். என்ஜின் சுத்தியலால் அடிப்பதுபோல் தட்டியது. வெள்ளைப் புகை வந்தது. இழுவை செத்து வண்டி நின்றது.

"தீந்துது, இல்லியா?" என்றார் அண்ணாச்சி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

3. ரெண்டு ஸ்பேனர்

சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுக் கீழே படுத்து டாங்கின் டிரெய்ன் பிளக்கைத் திருகினேன். ஒழுகியதை விரலில் தொட்டு முகர்ந்தேன். பெட்ரோல் நெடி மூக்கில் ஏறியது. விஷயம் விளங்கிவிட்டது. அதே சமயம் தலைக்கு மேல் அண்ணாச்சி தீப்பெட்டியை எடுக்கும் சத்தம்.

"பீடி வேண்டாம் அண்ணாச்சி! தூரப் போங்க!"

"டீசலுக்கு எதுக்குடே இந்தப் பதட்டம்?"

"எண்ணெய் ஒழுகுது, அதான்" என்று மழுப்பினேன். தப்பு யாருடையது என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் வண்டி தப்பிக்கும். ஆனால் முப்பது வருஷ டிரைவரை அவர் முதலாளி முன்னாலேயே நடுரோட்டில் கேவலப்படுத்தியது போலாகும். மனசு ஒப்பவில்லை.

கேனில் வடித்த பெட்ரோலை ஓரமாக மூடி வைத்தேன். சீட்டுக்கடியில் இருந்த காலி டின்னை எடுத்து ஞானமுத்து அண்ணன் கையில் கொடுத்தேன்.

"அண்ணே, பம்புல போய் டீசல்னு கேட்டு வாங்கிட்டு வாங்க" என்றேன் மெதுவாக.

அவர் முகம் வெளிறிவிட்டது. இறக்கத்தில் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

அவர் வருவதற்குள் பில்டரைக் கழற்றி வடித்துத் துடைத்து வைத்தேன். டீசலை ஊற்றியதும் லைனில் ஏர் எடுக்க வேண்டும். அதுதான் டீசலின் சூட்சுமம். குழாயில் காற்று இருந்தால் என்ஜின் ஓடாது. பில்டர் ஸ்குருவைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தேன். நுரை வந்தது, பிறகு சுத்த எண்ணெய். அப்புறம் இன்ஜெக்டர் பைப் நட்டுகள். ஞானமுத்து அண்ணன் செல்ஃப் அடிக்க, ஒவ்வொரு நட்டாக இறுக்கிக்கொண்டே வந்தேன். மூன்றாவது நட்டில் ஒரு சிலிண்டர் இருமியது. நாலாவது இறுகியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. மொத்தமே முக்கால் மணி நேரம், இரண்டே ஸ்பேனர்.

பத்து மூட்டையோடு செகண்ட் கியரில் வண்டி முக்காமல் முனகாமல் குன்றின் உச்சிக்கு ஏறியது. எனக்குச் சீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

உச்சியில் ஞானமுத்து அண்ணன் வண்டியை நிறுத்தினார். மூவரும் இறங்கினோம்.

"மொதலாளி, வண்டில குத்தமில்ல. நான் டீசல்னு சொல்ல மறந்துட்டேன். பம்புக்காரன் பெட்ரோல அடிச்சுட்டான். மேஸ்திரிக்கு அது அப்பவே தெரியும். எம் மானத்தக் காப்பாத்த வாயத் தொறக்கல."

அண்ணாச்சி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டு விழப்போகிறது என்று இருவரும் நின்றோம்.

"நடுவழியில நின்னா எவன் பாப்பான்னு கேட்டேன், பாத்தாச்சு. ஏலே ஞானமுத்து, அந்த ஸ்பேனர் ரெண்டையும் சேத்து வாங்கிக்கோ. ஏர் எடுக்கவும் படிச்சுக்கோ."

"பின்பாடிக்குப் பெயின்ட், அண்ணாச்சி?"

"மூட்ட ஏத்துத எடத்துக்குப் பவுடர் எதுக்குடே? இப்படியே கொண்டா."

திங்கட்கிழமை பழைய இரும்பு வாங்கும் ஆக்ரிக்காரன் வந்தான். "அது வித்துப்போச்சுடா" என்று முதலாளி ஷெட்டே அதிரச் சொன்னார், ஏதோ அவரே விற்றதுபோல. அந்தப் பழைய ஆறு சிலிண்டர் என்ஜினைத் தூக்கி அவன் வண்டியில் ஏற்றினோம்.

யோசித்தால் தப்பு என்னுடையதும்தான். உள்ளே என்ஜினை மாற்றிய நான், வெளியே அதைச் சொல்ல மறந்திருந்தேன். வண்டியை ஒப்படைக்குமுன் டாங்க் வாய்க்குப் பக்கத்தில் சிவப்புப் பெயின்டில் 'டீசல்' என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதினேன். அதற்குப் பிறகு என் கையில் என்ஜின் மாறிய எந்த வண்டியும் அந்த எழுத்தில்லாமல் ஷெட்டைத் தாண்டியதில்லை.

சில வருஷம் கழித்து அண்ணாச்சி எப்படியோ மனசு மாறிப் பின்பாதிக்கும் பெயின்ட் அடிக்கக் கொடுத்தார். பெயின்டர் அந்த எழுத்தையும் சேர்த்து மூடிவிட்டார். வண்டியை எடுக்கப் போன ஞானமுத்து அண்ணன் சாவியை வாங்க மாட்டேன் என்று பெயின்டர் கடைவாசலில் உட்கார்ந்துவிட்டாராம், 'டீசல்' என்று திரும்ப எழுதி அது காய்கிறவரைக்கும்.