கடைக்காரம்மா வாய் மூடிய மத்தியானம்

ரபி இருந்தார். யூதர்களின் குரு, எழுபது வயது இருக்கும். பாசலில் இருந்து வந்த பல் வைத்தியர் இருந்தார். சூரிச் பள்ளிக்கூடத்து ரீச்சர் ஒருவர் இருந்தா. சென்ற்காலனில் துணிக்கடை வைத்திருந்த அம்மா இருந்தா. குசினியில் அண்ணை இருந்தார். நான் இருந்தேன்.

இடம், கூர் நகரத்துக்கு மேலே மலையில் ஒரு யூத விடுதி. எண்பதுகளின் நடுப்பகுதி. அண்ணையும் நானும் அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு அங்கே குசினியில் சட்டி கழுவினோம். அண்ணை சொந்தமில்லை. ஒரே அறை, அவ்வளவுதான்.

பல் வைத்தியர், ரீச்சர், கடைக்காரம்மா மூன்று பேரும் ரபியிடம் பத்து நாள் படிக்க வந்தவர்கள். படிப்பு என்னவென்றால், ஒருவருக்குப் பக்கத்தில் இருப்பது. வயது போனவர், நோயாளி, சாகக் கிடப்பவர். கடவுளோடு அவருக்கு இருக்கிற கோபமோ பயமோ, அதை அவரே சொல்லி முடிக்கும் வரை கேட்பது. புத்தி சொல்லக்கூடாது. ஆறுதல் சொல்லக்கூடாது. தன் கதையை எடுக்கக்கூடாது. வாயே திறக்கக்கூடாது. இதற்கும் ஒரு படிப்பா என்று முதல் நாள் சிரித்தேன்.

பிறகு சிரிக்கவில்லை. கடைக்காரம்மா ஒவ்வொரு நாளும் தோற்றா. எந்த நிறம் யாருக்கு எடுக்கும் என்று நாற்பது வருடம் சொன்ன வாய் அது. பல் வைத்தியர் தன் தகப்பனைப் பற்றித் தொடங்கினால் இவ தன் தகப்பனுக்குப் போய்விடுவா. கூடிப்போனால் நான்கு நிமிடம் வாய் மூடியிருப்பா. ரபி நேரத்தை நோட்டில் எழுதுவார். எழுதிவிட்டு மூக்கைச் சொறிவார்.

ஒன்பதாம் நாள் ரபி சொல்லிவிட்டார். நாளைக்கும் முடியாவிட்டால், வயது போனவர்களுக்குப் பக்கத்தில் இருக்க முதியோர் இல்லத்துக்கு உங்களை அனுப்பமாட்டேன்.

அவ நேரே குசினிக்கு வந்தா. கண் சிவந்திருந்தது. விளங்கவேண்டும் என்று என்னைப் பார்த்து மெதுவாக ஜெர்மன் பேசினா.

"நாளைக்குச் சோதனைக்கு உங்களோடு இருக்கலாமா?"

"ஏன் நான்?"

"இந்த வீட்டில் எனக்கு ஒன்றுமே சொல்லாத ஆள் நீங்கள்தான்."

பிறகு சொன்னா. "என் கணவர் அந்த இல்லத்தில்தான் செத்தார். நான் கதைத்துக்கொண்டே இருந்தேன். அவர் ஏதோ சொல்ல வாய் எடுத்தார். நான் நிறுத்தவில்லை."

நான் தலையாட்டினேன். ரபியும் சம்மதித்தார்.

அண்ணைக்குத் தலைகால் தெரியவில்லை. "எடேய், நீ வாய் திறக்கமாட்டாய். அவ மூடமாட்டா. நல்ல சோடி! நாலு நிமிசம் தாண்டினால் பெரிய சட்டியெல்லாம் நான் கழுவுறன்."

"நீங்கள் கழுவினால் நான் திரும்பக் கழுவவேணும் அண்ணை."

"போடா."

பத்தாம் நாள், மத்தியானச் சாப்பாடு முடிந்து மேசை துடைத்த நேரம். ரபி விதியைச் சொன்னார். கடைக்காரம்மா கேட்கவேண்டும், பேசவேண்டிய ஆள் நான்; நான் 'ஃபேர்ட்டிக்' என்று சொன்னால்தான் முடிவு. முடிந்தது, தட்டு தயார் என்று குசினியில் நாங்கள் கத்தும் ஜெர்மன் சொல். ரபி மற்ற இருவரோடு சாப்பாட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். அண்ணை தொட்டியடியில், கண் சுவர் மணிக்கூட்டில். அம்மா வந்து என் முன்னால் இருந்தா. கையை மடியில் பூட்டிக்கொண்டா.

சோதனை அவவுக்கு, வேர்த்தது எனக்கு.

வந்து இருந்த ஆளுக்கு வெறும் மேசையைக் காட்டி எனக்குப் பழக்கமில்லை. எழும்பித் தேத்தண்ணி போட்டேன். பால் விட்டு, சீனி கூடப் போட்டு, முன்னால் வைத்தேன்.

அவ கோப்பையைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. தொடவில்லை.

இரண்டு நிமிடம். மூன்று. பாலில் ஆடை படர்ந்தது. எங்கள் ஊரில் கொடுத்த தேத்தண்ணியைத் தொடாவிட்டால் பகை. அகதியின் கை போட்டது என்று விட்டாவோ? எனக்குக் கோபம் ஏறியது. நானும் பேசவில்லை. அவவின் உதடு துடித்தது. ஏதோ சொல்லத் துடித்தது. சொல்லவில்லை. நான்கு தாண்டியது. அண்ணை இருமினார். ஆறு. எட்டு.

அப்போதுதான் என் கண் தொட்டிக்குப் போனது. இறைச்சிச் சட்டிக்குச் சிவப்புத் தொட்டி, பால் சட்டிக்கு நீலத் தொட்டி. இறைச்சி தின்றால் மூன்று மணித்தியாலத்துக்கு அவர்கள் வாயில் பால் படக்கூடாது. இரண்டு மாதமாக எனக்கு மனப்பாடம். மத்தியானம் கோழி. பரிமாறியதே நான்!

தலையில் அடித்துக்கொண்டேன். "கோழி!" என்றேன்.

அவவின் தோள் குலுங்கியது. கண்ணால் தண்ணீர் ஓடியது. சத்தம் வரவில்லை. உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டு சிரித்தா. ஒரு சொல் இல்லை. அந்தச் சிரிப்பில் எனக்கு ஏதோ கழன்றது.

சொன்னேன். ஊரில் என் அம்மா செத்துப்போனா. கடிதம் வந்தபோது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் முடிந்திருந்தது. கடிதத்தை அலுமாரியில் வைத்துவிட்டு வந்து சட்டி கழுவினேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. கடவுளுக்கும் அதற்குப் பிறகு விளக்கு வைக்கவில்லை. எனக்கு அவரோடு கோபம்.

ஜெர்மன் எங்கே முடிந்தது, தமிழ் எங்கே தொடங்கியது என்று தெரியாது. கனக்கச் சொன்னேன். அவவுக்குப் பாதி விளங்கியிராது. ஆனால் கண் என்னை விட்டு அசையவில்லை. ஒரு முறை கை என் கைப்பக்கம் வந்தது, திரும்பி மடிக்குப் போனது. அண்ணைக்கு எல்லாம் விளங்கியது. தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டு அப்படியே நின்றார்.

"ஃபேர்ட்டிக்" என்றேன்.

கடைக்காரம்மா பெரிய மூச்சு விட்டா. பிறகு எழும்பிக் கத்தினா. கதவு திறந்தது. ரீச்சர் ஓடிவந்து கட்டிப்பிடித்தா. பல் வைத்தியர் மேசையில் தட்டினார். "பாருங்கோ ரபி! மணிக்கூட்டைப் பாருங்கோ!" என்று அண்ணை தமிழில் கூவினார்.

ரபி பார்த்தார். மூக்கைச் சொறியவில்லை. நோட்டை விரித்து, முதியோர் இல்லத்துக்கு எப்போது போகிறீர்கள் என்று அவவிடம் கேட்டுக்கொண்டே எழுதினார்.

நாற்பத்தொரு நிமிடம்.